பூதத்துக்குப் பெயர் வைத்தவர்

அந்தப் படத்தின் பெயரை என்னால் சொல்ல முடியாது. தலைநகர் பிஷ்கெக்கில், தியேட்டர் வாசலில் இரண்டு ஆள் உயரத்துக்கு எழுதி வைத்திருந்தார்கள். டிக்கெட் கொடுக்கிற பெண் "எந்தப் படம்க்கா?" என்று கேட்டபோது நான் பேனரைக் கையால் காட்டினேன்.

"பேரச் சொல்லுங்க, இங்க நாலு படம் ஓடுது."

"அந்தக் குண்டுப் பூதத்தோட படம்மா."

அவள் சிரித்துக்கொண்டே டிக்கெட்டைக் கிழித்தாள். எழுதப் படிக்கத் தெரியாத மலைக்காட்டுப் பெண்பிள்ளை என்று நினைத்திருப்பாள். அந்தப் பூதத்தை எழுதியவளே நான்தான் என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் இன்னும் நன்றாகச் சிரித்திருப்பாள்.

படத்தின் பெயர் பூதத்தின் பெயர்தான். பூதத்தின் பெயர் என் மாமனாரின் பெயர். எங்கள் மலையூரான கொச்கோர் பக்கத்தில் வீட்டுக்கு வந்த மருமகள் மாமனார் பெயரை வாயால் சொல்லக் கூடாது, கையால் எழுதவும் கூடாது. இப்போதைய பெண்கள் இதையெல்லாம் காற்றில் பறக்க விட்டுவிட்டார்கள். பக்கத்து வீட்டு மருமகள் தன் மாமனார் நம்பரை போனில் பெயர் போட்டே வைத்திருக்கிறாள், கூடவே ஒரு கழுதைப் படமும். என் மகள் அல்தினாய், "அம்மா, ஒன்னயத் தூக்கி மியூசியத்துலதான் வெக்கணும்" என்பாள்.

வைக்கட்டும். ஆனால் எங்கள் வீடு வேறு மாதிரி. நான் கால் வைத்த அன்றைக்கே மாமனார் என்னைக் கூப்பிட்டு நிறுத்தி, "கெலின், இந்த வீட்டுல ஒரு சத்தந்தான் இருக்கும். அது என்னுது" என்றார். கெலின் என்றால் மருமகள். அவர் கோபமாகச் சொல்லவில்லை. தண்ணீர்க் குழாய் எந்தப் பக்கம், மாட்டுக் கொட்டகை எந்தப் பக்கம் என்று புது ஆளுக்குச் சொல்கிற குரலில் சொன்னார். அதனாலேயே அது எனக்குள் அப்படியே தங்கிவிட்டது.

எனக்கு ஊர்த் தபாலாபீசில் வேலை. மாதம் பிறந்தால் ஓய்வூதியம் வாங்கக் கிழவர்கள் வரிசையில் நிற்பார்கள். ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவேன். மாமனார் முறை வந்ததும் காகிதத்தைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டுவேன். அவர் வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்வார். வரிசையில் இருக்கிறவர்கள், "பாருங்கய்யா, மருமகள்னா இவதான் மருமக" என்று மெச்சுவார்கள். அந்த மெச்சல் எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

அந்தத் தபாலாபீசில் உட்கார்ந்துதான் நாவலை எழுதினேன். தந்தி நின்றுபோன பிறகு தந்திப் படிவங்கள் நாலு கட்டு கேட்பாரில்லாமல் கிடந்தன. பின்பக்கம் நல்ல வெள்ளை. ஆறு குளிர்காலம் எழுதினேன். 'ஏழு தோற்பைகள்' என்று பெயர் வைத்தேன். மலைக் கணவாயில் ஒரு பூதம் இருக்கிறது. கணவாயைத் தாண்டிக் கல்யாணமாகிப் போகிற ஒவ்வொரு பெண்ணும் தன் குரலை அதனிடம் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். பூதம் அந்தக் குரல்களை, குதிரைப் பால் புளிக்க வைக்கிற தோற்பைகளில் அடைத்துக் கட்டித் தொங்கவிடும். குரல் போன ஒருத்தி அதன் வீட்டிலேயே வேலைக்காரியாக இருக்கிறாள். கடைசியில் அவள் அதைக் கொல்வதில்லை. ஒரு விடியற்காலையில் கதவைத் திறந்துபோட்டுவிட்டுக் கிளம்பிப் போய்விடுகிறாள். பூதம் கூப்பிடுகிறது. பதில் இல்லை. மறுபடி கூப்பிடுகிறது. அவ்வளவுதான் நாவல்.

பூதத்துக்கு நான் பெயர் வைக்கவில்லை. நானூறு பக்கம் முழுக்க 'அவர்' என்றுதான் வரும். பிஷ்கெக் பத்திரிகையில் ஒரு விமர்சகர் இதற்காகவே இரண்டு பத்தி ஒதுக்கியிருந்தார். அதிகாரத்துக்கு முகமில்லை என்பதை ஆசிரியை பெயரின்மை வழியாக உணர்த்துகிறார் என்றும், பன்மை விகுதி போட்டது கூர்மையான அங்கதம் என்றும் எழுதினார். நான் அதைத் தபாலாபீசில் நின்றபடி மூன்று தரம் படித்தேன். பயத்தில் விட்டுப்போனது இத்தனை ஆழமாக இருக்கும் என்று எனக்கே தெரியாது.

புத்தகம் அச்சானது ஐந்நூறு பிரதி. எங்கள் வீட்டு உருளைக்கிழங்கு அறையில் நானூறு இருந்தது. என் வீட்டுக்காரர் அதில் இரண்டு கட்டுகளை எடுத்து ஆடுகிற அலமாரிக்கு அண்டை கொடுத்தார். ஊரில் யாரும் படிக்கவில்லை. அது எனக்கு வருத்தமாகவும் இருந்தது, வயிற்றில் பால் வார்த்த மாதிரியும் இருந்தது. ஏனென்றால் நாலாம் அத்தியாயத்தில், வாசலில் வந்து நிற்கிற பெண்ணிடம் பூதம் சொல்கிறது: "இந்த வீட்டில் ஒரு சத்தம்தான் இருக்கும். அது என்னுடையது."

இப்படி இருக்கும்போதுதான் எர்மெக் வந்தான். கார்ட்டூன் படம் எடுக்கிற ஒரு கம்பெனிக்குக் கதை எழுதுகிறவன். பஸ் நிலையத்தில் பழைய புத்தகக் கடையில் என் நாவலைப் பிடித்தானாம்.

"பாதி வரைக்கும் படிச்சேன்க்கா. அதுக்குள்ள முழுப் படமும் கண்ணு முன்னாடி ஓடிருச்சு. மீதியப் படிச்சா கொழம்பிரும்னு மூடி வெச்சுட்டேன்" என்று பெருமையாகச் சொன்னான்.

நான் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். மாமனார் வீட்டின் தலைமாட்டில், பெரியவர்கள் மட்டும் உட்காருகிற இடத்தில், கம்பளத்தில் சாய்ந்து ரேடியோவின் காதைத் திருகிக்கொண்டிருந்தார். எர்மெக் வெண்ணெயில் ரொட்டியைத் தோய்த்தபடி நோட்டுப் புத்தகத்தைத் திறந்தான்.

"ஒரே ஒரு சிக்கல்க்கா. பூதத்துக்குப் பேரே இல்ல. சின்னப் புள்ளைங்க என்னான்னு கூப்புடும்? நாளைக்கு பொம்மை போட்டா டப்பாவுல என்னா எழுதுறது? நீங்க எழுதறப்ப ஒங்க மனசுல ஒரு பேரு ஓடிருக்கும்ல, அதச் சொல்லுங்க."

ஓடியது. நானூறு பக்கமும் அதுதான் ஓடியது. நான் தலைத்துணி நுனியை எடுத்து வாயில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தேன். தெரிந்து செய்யவில்லை, கை தானாகப் போனது.

எங்கள் ஊரில் மருமகள் அப்படி நின்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். கேட்ட பெயர் பெரியவர் பெயர், இவள் சொல்ல மாட்டாள், பக்கத்தில் இருப்பவர் எடுத்துக் கொடுக்க வேண்டும். மின்சாரக் கணக்கு எடுக்கிறவன், மக்கள்தொகை எழுதுகிறவன், டாக்டர், யார் வந்து "வீட்டுத் தலைவர் பேரு?" என்று கேட்டாலும் நான் அப்படித்தான் நிற்பேன், மாமனார்தான் எடுத்துக் கொடுப்பார். அன்றைக்கும் ரேடியோவிலிருந்து தலையைத் திருப்பாமலே தன் பெயரைச் சொன்னார். தகப்பன் பெயர், குலம் எல்லாம் சேர்த்துச் சொன்னார்.

எர்மெக் தொடையில் தட்டினான். "ஆகா! வாய் நெறைய வருதுய்யா! இந்த மாதிரிப் பழைய பேரு இப்ப எங்க கெடைக்குது?"

"எழுதிக்கிட்டியா? கடேசி எழுத்து அழுத்தி வரும்" என்றார் மாமனார்.

"எழுதிட்டேன் அத்தா, எழுதிட்டேன்." பெரியவர்களை எங்கள் பக்கத்தில் அத்தா என்றுதான் கூப்பிடுவார்கள்.

தடுத்திருக்கலாம். "தம்பி, அது பூதம் இல்லப்பா, எங்க அத்தா" என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், அப்படியானால் உங்கள் மனதில் இருந்த பெயர் என்ன என்று திருப்பிக் கேட்பான். நான் ஒரு பொய்ப் பெயரைச் சொல்ல வேண்டும். மனுஷர் எனக்காக உண்மையைச் சொல்லியிருக்கிறார், அதை மறுத்துப் பொய் சொல்வானேன்? இன்னொரு கோப்பை ஊற்றினேன். இந்த மாதிரி ஆட்கள் வருவார்கள், ரொட்டி தின்பார்கள், படமா எடுக்கப் போகிறார்கள் என்றும் இருந்தது.

எடுத்துவிட்டார்கள்.

அல்தினாய் பிஷ்கெக்கில் படிக்கிறாள். அவளோடு போய்த்தான் பார்த்தேன். என் பூதம் ஒல்லி, நிமிர்ந்த முதுகு, குரல் உயர்த்தாதவர். படத்துப் பூதம் பானை வயிறு, தும்மினால் மலையில் பனி சரியும், சோப்பில் வழுக்கி விழும், சிணுங்கும். என் நாவலில் தோற்பையை அவிழ்த்தால் உள்ளே அடைபட்ட பெண்கள் ஒரே நேரத்தில் தங்கள் அம்மாவைக் கூப்பிடுவார்கள். படத்தில் அவிழ்த்தால் பாட்டு வந்தது, அதுவும் ஆடத் தோன்றுகிற பாட்டு. பூதம் குரல்களைத் திருடியது தனிமை தாங்காமல்தானாம். இதைக் கேட்டு என் கதையில் வருகிற வேலைக்காரி அழுது, அதன் கண்ணீரைத் துடைத்து, கடைசியில் ஊர் கூடி விருந்து வைத்து, பூதத்தைத் தலைமாட்டில் உட்கார்த்தி மரியாதைக்கு ஆட்டுத் தலையை அதன் முன்னால் வைக்கிறார்கள். கதவைத் திறந்துபோட்டு யாரும் போகவில்லை. மீதிப் பாதியை எர்மெக் படிக்கவே இல்லை என்று தெரிந்தது.

படம் எனக்குப் பிடித்திருந்தது. அதுதான் கேவலம். மூன்று இடத்தில் வாய்விட்டுச் சிரித்தேன்.

"அம்மா, இது நீ எழுதுனது மாதிரியே இல்லயே" என்றாள் அல்தினாய், வெளியே வந்ததும்.

"நீ படிச்சிருக்கியா?"

"படிக்காமயா? பன்னெண்டு வயசுலயே படிச்சேன். தாத்தாவுக்கு மட்டும் தெரிஞ்சுது, ஒன்னய மூட்ட கட்டி அனுப்பிருவாரு."

அவள் விளையாட்டாகச் சொன்னாள். எனக்கு அது விளையாட்டாக இல்லை. நாற்பத்தேழு வயதில், மாமனாரைப் பூதமாக எழுதிய மருமகள் என்ற பட்டத்தோடு நான் எந்த வீட்டுக்குப் போய் நிற்பது? என் வீட்டுக்காரரைப் பற்றி ஒன்று சொல்கிறேன். அவர் வேன் ஓட்டுகிறார், வேகமாக ஓட்டுவார், ஆனால் அவர் அப்பா முன்னால் அவருக்கு எப்போதும் முதல் கியர்தான்.

ஊரில் படம் புயலாக அடித்தது. போன் உள்ள வீட்டில் எல்லாம் ஓடியது. தெருவில் பிள்ளைகள் மாமனாரின் பெயரை அடித்தொண்டையில் கத்திக்கொண்டு, தும்மிக்கொண்டு, விழுந்து புரண்டார்கள். நான் இருபத்தாறு வருஷமாக மூச்சில்கூட விடாத பெயர். முதல் நாள் மாமனார் கம்பை எடுத்துக்கொண்டு வெளியே போனார். நான் ஜன்னல் பக்கம் நின்று பார்த்தேன். பிள்ளைகள் ஓடவில்லை. சூழ்ந்துகொண்டார்கள்.

"தாத்தா, நீங்கதான் அவரா? நெசமாவே நீங்கதானா?"

"வேற எவன்டா? அந்தப் பேரு இந்தப் பள்ளத்தாக்குலயே ஒருத்தனுக்குத்தான் இருக்கு."

"ஒரு தும்மல் போடுங்க தாத்தா!"

எழுபத்தாறு வயது மனுஷர், வந்தால் ஊரே எழுந்து நிற்கிற மனுஷர், நடுத்தெருவில் தும்மிக் காட்டினார். உள்ளே வந்தபோது முகம் சிவந்திருந்தது. "சின்னதுங்க விட மாட்டேங்குது" என்றார். அதற்குப் பிறகு விருந்துக்கு விருந்து அவரைத் தலைமாட்டில் உட்கார்த்தினார்கள். பக்கத்து ஊர்க் கல்யாணத்துக்குக் கார் அனுப்பிக் கூட்டிப்போனார்கள். அவரும் வெள்ளைக் கம்பளித் தொப்பியைத் தூசி தட்டி வைத்துக்கொண்டு எதற்கும் தயாராக இருந்தார்.

அப்படி ஒரு விருந்தில்தான் பள்ளிக்கூடத்து ரோசா டீச்சர் வாயை வைத்தாள். நான் தட்டை எடுத்துக்கொண்டிருந்தேன், என் காதுபடத்தான் கேட்டாள்.

"அத்தா, பள்ளிக்கூடத்துல ஒரு கூட்டம் போடுறோம். புத்தகமும் படமும், ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு புள்ளைங்க பேசும். நீங்கதான் தலைமை. டிவிக்காரங்களும் வர்றாங்க. புத்தகம் படிச்சிருப்பீங்கல்ல?"

"அத என்ன கேக்குற? எங்க வீட்டுச் சரக்கு" என்றார் மாமனார்.

வீட்டுக்கு வந்ததும், "கெலின், அந்தப் பொஸ்தகத்த எடுத்தா" என்றார்.

நான் உருளைக்கிழங்கு அறைக்குப் போனேன். நானூறு பிரதி கிடக்கிறது, ஒன்றுகூட இல்லை என்று சொல்ல வழியில்லை. நாலாம் அத்தியாயத்தைக் கிழித்துவிட்டுக் கொடுக்கலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். கை போகவில்லை. பயத்துக்குக் கீழே வேறொன்று இருந்தது, அதை அன்றைக்குத்தான் கண்டுகொண்டேன். இந்த நானூறு பக்கமும் அவர் ஒருவர் படிப்பதற்காக எழுதியது. விமர்சகருக்கோ எர்மெக்குக்கோ இல்லை. என்னால் வாய்திறந்து சொல்ல முடியாததை அவர் ஒருநாள் படித்து, தலை நிமிர்ந்து என்னைப் பார்க்க வேண்டும் என்று ஆறு குளிர்காலம் ஆசைப்பட்டிருக்கிறேன். மூட்டை கட்டி அனுப்பினாலும் சரி, படித்துவிட்டு அனுப்பட்டும். மண்ணைத் தட்டி, துணியால் துடைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

பதினொரு நாள் படித்தார். ஜன்னல் ஓரம், கண்ணாடி போட்டுக்கொண்டு, உதடு அசைய அசைய. நான் மாட்டுக்குத் தீனி வைக்கும்போதும், மாவு பிசையும்போதும் ஒரு கண்ணால் பக்கக் கணக்குப் பார்த்தேன். நாலாம் அத்தியாயத்துக்கு மூன்றாம் நாள் வந்தார். வாசித்துக்கொண்டே வந்தவர் நின்றார். விரலை வரியில் வைத்தார். உதடு மறுபடி அசைந்தது. எந்த வரி என்று எனக்குத் தெரியும்.

"கெலின்!"

மாவுக் கையோடு ஓடினேன்.

"என்னங்கத்தா?"

"தேத்தண்ணி ஆறிப்போச்சு."

மாற்றி ஊற்றிக் கொடுத்தேன். குடித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பினார். அதோடு சரி. பதினொன்றாம் நாள் புத்தகத்தை மூடி, கண்ணாடியைக் கழற்றி உறையில் போட்டு, ஒன்றும் பேசாமல் குதிரையைப் பார்க்கப் போய்விட்டார். கூட்டத்துக்கு இன்னும் நாலு நாள் இருந்தது. அந்த நாலு நாளும் நான் உப்புப் போட்டது, போடாதது ஒன்றும் நினைவில்லை.

பள்ளிக்கூடத்துக் கூடம் நிரம்பி வழிந்தது. ரோசா டீச்சர் கரும்பலகையை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, ஒரு பக்கம் 'புத்தகம்', மறுபக்கம் 'படம்' என்று எழுதியிருந்தாள். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து எழுதினார்கள். படத்துப் பக்கம் இடம் போதவில்லை. புத்தகத்துப் பக்கம், 'இதில் படம் இல்லை' என்று ஒன்றும், 'கனமாக இருக்கிறது' என்று ஒன்றும் இருந்தது. கடைசியாக ஒரு சின்னப் பெண் வந்தாள், நூலகத்தில் இருக்கிற ஒரே பிரதியை எடுத்துப் போனவள் அவள்தானாம். பொறுமையாக எழுதினாள்: 'படத்தில் பூதம் நல்லவர். புத்தகத்தில் பூதம் எங்கள் வீட்டுத் தாத்தா மாதிரி இருக்கிறார்.'

முன்வரிசைக் கிழவர்கள் சிரித்தார்கள். அவர்களுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த மருமகள்கள் யாரும் சிரிக்கவில்லை.

என்னையும் பேசச் சொன்னார்கள். படத்தின் பெயரையும் சொல்லாமல், பூதத்தின் பெயரையும் சொல்லாமல், 'அது', 'அவர்', 'அந்தக் கதை' என்று பத்து நிமிஷம் தத்தித் தத்திப் பேசினேன். வட்டார டிவியிலிருந்து கேமராவோடு வந்திருந்த பெண், பயந்த சுபாவம் போல என்று பக்கத்தில் யாரிடமோ சொன்னாள். பிறகு மாமனார் எழுந்தார். கையில் புத்தகம். கூடம் கை தட்டியது.

"ரெண்டையும் பாத்தாச்சு, படிச்சாச்சு" என்று ஆரம்பித்தார். "ஒண்ணு சொல்றேன், யாரும் வருத்தப்படாதீங்க. படத்துல வர்றானே, அவன் நான் இல்ல."

புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார்.

"அவன் ஒரு கோமாளிப் பய. வழுக்கி விழுறான், பொம்பளப் புள்ள மடியில தலைய வெச்சு அழுவுறான். தூ! பொஸ்தகத்துல வர்றாரு பாருங்க, அவருதான் நான். அச்சு அசலா நான். நான் சொன்ன சொல்லு ஒண்ணு அப்பிடியே உள்ள கெடக்குது, நாலாவது பாகத்துல."

வந்துவிட்டது என்று நினைத்தேன். இப்போது என்னைப் பார்ப்பார்.

பார்த்தார். முகமெல்லாம் பூரிப்பு.

"எப்பேர்ப்பட்ட ஆளா எழுதிருக்குது தெரியுமா? அவரு சத்தமே போட மாட்டாரு. கண்ணப் பாத்தாலே வீடு அடங்கிரும். அவரு வீட்டுல ஒரு எதிர்ப்பேச்சு கெடையாது. ஏழு பையி, ஏழுலயும் பொம்பளைங்க சத்தத்தக் கட்டிப் போட்டு வெச்சிருக்காரு. ஆம்பள! இப்ப எவனுக்குய்யா முடியுது அந்த மாதிரி? எங்க வீட்டு மருமக என்னப் பாத்துப் பாத்து, ஒண்ணு விடாம எழுதிருக்குது. படிக்கப் படிக்க எனக்கே ஒடம்பு சிலுத்துப் போச்சு."

முன்வரிசை கைதட்டல் கூரையைத் தொட்டது. என் வீட்டுக்காரரும் தட்டினார். அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. ஆறு குளிர்காலத்தையும் அந்த மனுஷர் நெஞ்சில் பதக்கமாகக் குத்திக்கொண்டு நின்றார்.

"கடேசியில அந்தப் பொண்ணு கதவத் தெறந்துட்டுப் போயிருதே, அத்தா?" என்று ரோசா டீச்சர் மெதுவாகக் கேட்டாள்.

"போனா போறா. வேலைக்காரிதான, வேற ஒருத்தி வருவா" என்றார். "எனக்கு இருக்குற கொற ஒண்ணே ஒண்ணுதான். அம்புட்டு எழுதிட்டு, பேரப் போடாம விட்டுருச்சு! எங்கயோ இருக்குற சினிமாக்காரன் போட்டான், சொந்த வீட்டு ஆளு போடல. அடுத்த தடவ அச்சடிக்கயில என் பேரு அதுல வரணும். எல்லார் முன்னாடியும் கேட்டுக்கறேன்."

மறுபடி கைதட்டல். கேமராப் பெண் குடுகுடுவென்று முன்னால் வந்தாள்.

"அத்தா, ரொம்ப நல்லாருக்கு. இத அப்பிடியே கேமராவப் பாத்து ஒரு தடவ சொல்லிருங்க. எழுத்தாளர் இன்னார்கிட்ட நான் இப்பிடிக் கேட்டுக்கறேன்னு, அவங்க பேரோட. ராத்திரி செய்தியில போட்டுருவோம்."

மாமனார் தொப்பியைச் சரிசெய்தார். நெஞ்சை நிமிர்த்தினார். தன் பெயர், தகப்பன் பெயர், குலம் எல்லாம் சொல்லி முடித்தார். "எங்க மருமக..." என்று இழுத்து நின்றார்.

"பேரு சொல்லுங்க அத்தா."

"எங்க வீட்டுக் கெலின்."

"கெலின் எல்லா வீட்டுலயும்தான் இருக்காங்க. பாக்குறவங்களுக்குத் தெரியணும்ல. பேரு?"

மாமனார் மருமகள் பெயரைச் சொல்லக் கூடாது என்று எங்கள் வழக்கத்தில் எங்குமே இல்லை. எந்தத் தடையும் கிடையாது. தாராளமாகச் சொல்லலாம். அவர் வாய் திறந்தபடி இருந்தது. என் வீட்டுக்காரரைத் தேடினார். அவர் கூட்டத்துக்கு நடுவில், சிரித்த முகத்தோடு தன் அப்பா பேசப்போவதற்காகக் காத்துக்கொண்டிருந்தார். பிறகு மாமனார் என்னைப் பார்த்தார். நான் ஆசைப்பட்ட பார்வை. தலை நிமிர்ந்து, நேராக, முதல் தடவையாக ஒன்றைத் தேடிக்கொண்டு பார்த்தார். நான் உதவி செய்யவில்லை.

சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். புத்தகத்தைத் திருப்பினார். பதினொரு நாள் அவர் கையில் இருந்த அட்டை அது. கையை நீட்டி, தள்ளிப் பிடித்து, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார்.

"சு... யும்... கான். சுயும்கான் எசெனோவா."

தலையை ஆட்டிக்கொண்டார். கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார்.

"நல்ல பேரு. யாரு வெச்சது?"

என் வாயில் துணி இல்லை, கை அங்கே போகவும் இல்லை. குரல் எனக்கே புதிதாக இருந்தது, கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

"என்னப் பெத்தவர் வெச்சது, அத்தா. இந்த வீட்டுக்குக் கொண்டாந்து இருபத்தாறு வருசம் ஆச்சு. யாரும் எடுத்துப் பொழங்கல, புதுசாவே இருக்கு."

கூடம் விழுந்து விழுந்து சிரித்தது. கேமராப் பெண்ணும் சிரித்தாள். மாமனார் மட்டும் சிரிக்கவில்லை. அட்டையை இன்னும் கொஞ்சம் தள்ளிப் பிடித்து, மறுபடி முதல் எழுத்திலிருந்து படித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.